பச்சை விளக்கை நம்பாதவள்

எங்கள் அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் பிளக் அக்கா. எதை வாங்கி வைத்தாலும் முதல் வேலையாக அதன் பிளக்கைப் பிடுங்கிப் பார்ப்பாள். வீட்டிலும் இதே கூத்துதான். புது இன்வெர்ட்டர் வந்த அன்று, கணவன் தலையில் சோப்போடு நிற்கும்போது மெயினை அணைத்திருக்கிறாள். "கரண்ட் போனா வேலை செய்யுதான்னு, கரண்ட் போனப்புறமா பாக்கறது?" என்று அவனையே திருப்பிக் கேட்டாளாம்.

கணவன் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறான். நாங்கள் அமைத்துக்கொண்டிருந்ததும் ஆம்புலன்ஸ் அழைப்பு மையம்தான். இரண்டு கட்டடம், ஒவ்வொன்றிலும் ஒரு சர்வர், இரண்டும் வேறு வேறு நெட்வொர்க். முதலாவது படுத்துவிட்டால் இரண்டாவது அழைப்புகளை எடுத்துக்கொள்ளும். எப்போது எடுக்க வேண்டும் என்று பார்த்துச் சொல்ல ஒரு கண்காணிப்புப் புரோகிராம். அதைக் கொண்டுபோய் முதல் சர்வர் இருக்கும் அதே அறையில், அதே நெட்வொர்க்கில் வைத்திருந்தார்கள். அதுதான் வசதியாம். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"சார், ரூமை விட்டு வெளிய போற லைன் அறுந்தா, வெளியில யாருக்கும் சர்வர் கிடைக்காது. பக்கத்துலயே உக்காந்திருக்கற புரோகிராமுக்கு மட்டும் எல்லாம் நல்லாயிருக்கற மாதிரி தெரியும். ரெண்டாவதை அது கூப்பிடவே கூப்பிடாது."

பிளக் அக்கா சொன்னதை மேலாளர் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டார். திறப்புக்கு முந்தின நாள், சுவரில் இருந்த திரையைக் காட்டினார். அத்தனை விளக்கும் பச்சை.

"இனிமே யாரும் எதையும் தொடக் கூடாது. தொட்டா வேலைக்கு வர வேண்டாம்."

அவள் கணவனுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"வேலை போனா பாத்துக்கலாம். கூப்பிடறவங்க போன் வராம நான் வண்டியோட சும்மா நின்னேன்னா, அதைப் பாத்துக்க முடியாது," என்றான் அவன்.

போனை வைத்தாள். நேராக சர்வர் அறைக்குள் போய் வெளியே போகும் லைனைப் பிடுங்கினாள்.

திரையில் பச்சை பச்சையாகவே இருந்தது. மேலாளர் சிரித்தார். "பாத்தியாம்மா? ஒண்ணும் ஆகலை."

"உங்க போன்லருந்து மையத்துக்குக் கூப்பிடுங்க சார்."

கூப்பிட்டார். ரிங் போகவில்லை. மறுபடி கூப்பிட்டார். மனிதரின் முகம் தொங்கிப்போனது.

"சரி, மாட்டு."

"மாட்ட மாட்டேன்." வயரைக் கையில் சுற்றிக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு வாசலை மறித்து உட்கார்ந்தாள். "புரோகிராம் மூணாவது கட்டடத்துக்குப் போகணும். அங்கருந்து ரெண்டு சர்வரையும் பாக்கணும். வேலையை விட்டுத் தூக்கறதுன்னா, இந்த நாற்காலியோட சேத்துத் தூக்குங்க."

யாரும் தூக்கவில்லை. புரோகிராமைத்தான் மாற்றினோம். முணுமுணுத்துக்கொண்டே செய்தோம், ஆனால் செய்தோம்.

மறுநாள் விருந்தினர்கள் முன்னால் மேலாளர் பேசினார். எது நடந்தாலும் இந்த மையத்தில் அழைப்பு நிற்காது என்றார், ஏதோ அவர் யோசனை மாதிரி. பிளக் அக்கா எழுந்தாள்.

"பாத்துடலாமே சார்," என்று சொல்லிவிட்டு, பக்கத்து அறைக்குப் போய் லைனைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள்.

திரையில் முதல் சர்வரின் விளக்கு சிவப்பானது. மேலாளர் வியர்த்துப்போய் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு மேசையில் இரண்டாவது சர்வரோடு இணைத்திருந்த போன் அடித்தது. ஸ்பீக்கரைப் போட்டு எடுத்தாள்.

"ஆம்புலன்ஸ் மையம், சொல்லுங்க."

"பிடுங்கிட்டியா?" என்றான் கணவன், கூடம் முழுக்கக் கேட்கும்படி.

"பிடுங்கிட்டேன். வண்டியை எடு," என்றாள்.