விண்ணப்பத்தில் எழுதிய தம்பி

பல்கலைக்கழகம் தொடங்குவதற்கு முதல் கிழமை, புதிதாக வருகிற மாணவர்களை வடக்கே ஓர் ஏரிக்கரை முகாமுக்குக் கூட்டிப்போவார்கள். அங்கே போனவர்களுக்கு முதல் நாளே சிநேகிதர் கூட்டம் சேர்ந்துவிடும் என்று பள்ளிக்கூடத்தில் பேச்சு. இடம் கொஞ்சம், விண்ணப்பம் நிறைய. ‘உன் வாழ்க்கையை மாற்றிய ஒரு நாளைப் பற்றி எழுது’ என்று படிவத்தில் ஒரே ஒரு கேள்வி.

என் வாழ்க்கையை எந்த நாளும் மாற்றியிருக்கவில்லை. ஆறு வயதில் இலங்கையிலிருந்து விமானத்தில் கனடாவுக்கு வந்து பார்க்டேலில் ஓர் அப்பார்ட்மெண்டில் வளர்ந்தவள் நான். இரண்டு பந்தி எழுதிக் கிழித்தேன்.

அதே கட்டடத்தின் நாலாம் மாடியில் என் சிநேகிதி இருந்தாள். கனடாவுக்கு வந்து மூன்று வருடம். எனக்குக் கிடைத்த அதே பல்கலைக்கழகம் அவளுக்கும் கிடைத்திருந்தது. கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி, ஆங்கிலம்தான் தடக்கியது.

“இங்கிலிசை மட்டும் திருத்தித் தாவன். வேற ஆரிட்டையும் இதைக் காட்டேலாது” என்று தான் எழுதிய தாளைத் தந்தாள்.

சண்டைக்காலத்தில் கிளாலிக் கடலால் படகில் தப்பி வந்ததை எழுதியிருந்தாள். நேவி சுட்டபோது படகு சாய்ந்து, அவள் மடியிலிருந்த நாலு வயதுத் தம்பி தண்ணீரில் விழுந்தான். கத்தப்போன தாயின் வாயைப் படகிலிருந்த சனம் பொத்திப் பிடித்தது. படகு நிற்கவில்லை.

வாசித்ததும் எனக்கு அழுகை வரவில்லை. பொறாமை வந்தது.

“எனக்கு எக்ஸாம் இருக்கு, ஒரு கிழமை பொறு” என்றேன். அந்தக் கிழமைக்குள் தம்பியை என் மடியில் வைத்து, நல்ல ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். பிறகு அவளுடைய தாளில் பாதிப் பிழைகளைத் திருத்தி, மீதியை வேண்டுமென்றே அப்படியே விட்டு, தாளைத் திருப்பிக் கொடுத்தேன். யாராவது இரண்டையும் பக்கத்தில் வைத்தால் அவளுடையதுதான் பார்த்து எழுதியதாகத் தெரியவேண்டும்.

எனக்கு இடம் கிடைத்தது. அவள் என் கதவைத் தட்டினாள்.

“முகாமிலயிருந்து ஒருத்தி போன் அடிச்சவள். நான் கதையைக் களவெடுத்தனானாம். ஆரோ முதலே அனுப்பிட்டினமாம்.”

“கிளாலியால எத்தினை சனம் வந்தது. ஆருக்கும் நடந்திருக்கும்தானே.”

“அம்மான்ரை வாயைப் பொத்தினதுமோ?”

நான் ரீவியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் படியால் இறங்கிப் போனாள்.

முகாமில் கனூப் படகு வலிக்கும்போது, விண்ணப்பத்தில் என்ன எழுதினாய் என்று ஒருத்தி கேட்டாள், சொன்னேன். துடுப்பை வைத்துவிட்டு அழுதார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. அடுத்த நாள், கேட்காதவர்களுக்கும் சொன்னேன்.

செப்டெம்பரில் பல்கலைக்கழகக் கன்ரீனில் முகாம்காரர்களோடு இருந்தபோது என் சிநேகிதி சாப்பாட்டுத் தட்டோடு எங்களைத் தாண்டிப் போனாள். நான் குனிந்துகொண்டேன். என் பக்கத்திலிருந்த செம்பட்டைத் தலைக்காரி அவளைக் கூப்பிட்டு, “நீயும் இலங்கையா?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள். பிறகு என் தோளில் கையைப் போட்டு, “இவளுடைய தம்பிக்கு நடந்தது உனக்குத் தெரியுமா?” என்று எல்லாவற்றையும் சொன்னாள்.

சிநேகிதி முழுவதையும் நின்று கேட்டாள். பிறகு என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டாள்.

“தம்பிக்கு என்ன பேர் வைச்சனீ?”

அவள் தாளில் பெயர் இருக்கவில்லை. நானும் ஒருநாளும் கேட்டதில்லை. வாயில் வந்த ஒரு பெயரைச் சொன்னேன்.

“என்ன கேட்கிறாள்?” என்றாள் செம்பட்டைத் தலைக்காரி.

“பெயரைக் கேட்டேன்” என்று சிநேகிதியே ஆங்கிலத்தில் சொன்னாள். “நல்ல பெயர்.”

அவள் போய் வேறொரு மேசையில் முதுகைக் காட்டி இருந்து சாப்பிட்டாள். அவள் என்னைக் காட்டிக்கொடுக்கமாட்டாள் என்பது அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. மிச்சச் சோற்றை ஆறுதலாகச் சாப்பிட்டேன்.

அந்த மாரிக் குளிரில் அவள் வீட்டார் விட்பி என்ற வேறு ஊருக்கு வீடு மாறினார்கள். பெட்டிகள் ஏற்ற என் அப்பா உதவிக்குப் போனார். நான் ஜன்னலால் பார்த்தேன். சாமான் ஏற்றிய வான் வண்டி தெருமுனையில் திரும்பிப் போனதும் எனக்கு நிம்மதியாக இருந்தது.