குழாயில் அடைத்த காற்று

லண்டனுக்கு வந்த பிறகு அறையைச் சூடாக்கும் இந்த வெந்நீர் ரேடியேட்டர் மாதிரி என்னைப் பாடாய்ப் படுத்தியது வேறெதுவும் இல்லை. உள்ளே காற்று அடைத்துக்கொண்டு, பாதிக்கு மேல் சூடேற மாட்டேன் என்கிறது. காற்றை வெளியேற்றும் வால்வோ, கை நுழையாதபடி சுவரை ஒட்டி இருக்கிறது. குனிந்து, நெம்பித் திருப்பினேன். உஸ்ஸென்று சீறிவிட்டு, சாக்கடை மாதிரி கறுப்புத் தண்ணீர் என் வாயிலேயே பீய்ச்சியது. சீ!

அதே துரு நாற்றம். ஊரில் எங்கள் செம்பாக்கம் வீட்டில் மாடித் தொட்டி காலியாகி நிரம்பினால் குழாயில் காற்று அடைத்துக்கொள்ளும். அப்பா குழாயில் வாயை வைத்து உறிஞ்சுவார். பார்க்கவே குமட்டும். அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்றும், மாப்பிள்ளை வீட்டார் ஹாலில் உட்கார்ந்திருக்க, சமையலறையில் பட்டு வேட்டியோடு உறிஞ்சினார். குழாய் குபுக்கென்று கக்கியது. அப்பா துப்பியதில் வழவழவென்று பாசி, கூடவே அழுகிய புறா இறகு.

"கர்மம், என்னங்க இது!" என்றாள் அம்மா.

"கத்தாதடி. கொதிச்சா எல்லாம் சரியாயிடும். காபியப் போடு."

போட்டாள். மாப்பிள்ளை இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தார். கல்யாணம் முடிவானது.

அந்த அத்தான்தான் இப்போது ஊரிலிருந்து வந்து என் சோபாவில் சாய்ந்திருக்கிறார். வாய் கொப்பளிக்க ஓடினேன். பின்னாலேயே அவர் குரல் வந்தது.

"மச்சான், அப்படியே ஒரு காபி போடேன். ஆனா, பொண்ணு பாக்க வந்தன்னிக்கு உங்க வூட்ல குடிச்ச அந்த டேஸ்ட் மட்டும் எங்கயுமே வரல."