இருமல் நின்ற வாரம்

இந்த 1991 தை அறுவடை முடிந்த கையோடு என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. அதன்பின் கஞ்சி ஊட்டினாலே புரையேறி இருமுவார். "யாரோ நெனைக்கிறாங்க" என்று தலையில் தட்டுவேன்.

திடீரென ஒரு வாரம் இருமலே இல்லை. வல்லக்கோட்டை முருகன் கண் திறந்துவிட்டான் என்றார்கள் எங்கள் ஊர் வடக்குப்பட்டுக்காரர்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. கஞ்சி குடித்ததும் அவர் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. மாலையானால் உடம்பு சுட்டது. நான் வயலுக்குப் போகும்போது அவருக்கு ஊட்டுவது என் நாத்தனார். இருமல் நிற்க என்ன கொடுத்தாள் என்று அவளையே கேட்டேன்.

"இன்னா அண்ணி, என் மேலயே சந்தேகமா? இருமி இருமி அண்ணனுக்கு நெஞ்சு வலிக்குதேன்னு கடையில இருமல் மருந்து வாங்கிக் குடுத்தேன்."

பாட்டிலோடு அவரை ஸ்ரீபெரும்புதூர் டாக்டரிடம் கொண்டுபோனோம்.

"இருமச் சொல்றது மூளையோட அடித்தண்டு. பக்கவாதத்துல அது ஏற்கெனவே மங்கிக் கெடக்கு. இந்த மருந்து அதைத் தூங்க வெச்சிடுச்சு. கஞ்சி நுரையீரலுக்குள்ள போய்க்கினு இருக்கும்மா" என்றார். நல்லவேளை, ஊசி மருந்தில் என் கணவர் பிழைத்தார்.

இப்போது டாக்டர் சொன்னபடி அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, கஞ்சியைக் கெட்டியாகவே ஊட்டுகிறேன். புரையேறினால் தலையில் தட்டாமல், இருமி முடிக்கட்டும் என்று காத்திருக்கிறேன். இருமாவிட்டால்தான் எனக்குச் சந்தேகம். ஒவ்வொரு வாய்க்கும் என் பெயரைச் சொல்லச் சொல்கிறேன். குரல் தெளிவாக வந்தால்தான் அடுத்த கரண்டி.