சிரட்டைக் கோட்டையும் கண்ணாடிக் கடலும்

எங்கள் மிஷன் ஆரம்பப் பள்ளியில் கைவேலை டீச்சர் லீலாபாய்க்கு ஒரு அலமாரிகூடக் கிடையாது. ஆனாலும் அவளைப் போல ஒழுங்கானவளை நான் பார்த்ததில்லை. வகுப்புச் சுவரில் ஆணியடித்து ஓலைப்பெட்டிகளை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தாள். சிப்பிக்கு ஒன்று, தேங்காய்ச் சிரட்டைக்கு ஒன்று, துணிக்கு ஒன்று, கண்ணாடிச் சில்லுக்கு ஒன்று. பிள்ளைகள் வீட்டிலிருந்து எதைக் கொண்டுவந்தாலும் அந்த நிமிஷமே பிரித்துப் போட்டுவிடுவாள். எது யார் கொண்டுவந்தது என்று கேட்பதில்லை. கேட்டால் ஒன்றும் கொண்டுவர முடியாத பிள்ளை தலைகுனிந்து நிற்கும் என்பாள். பக்கத்து வகுப்பு டீச்சர் நான்; என் மேசை மீன்சந்தை மாதிரி கிடக்கும். அதையும் அவளே வந்து அடுக்குவாள், நான் திட்டிக்கொண்டே அடுக்க விடுவேன்.

அவள் வேலை தற்காலிகம்தான். கணவன் யோவான் பேச்சிப்பாறை மலைக்கு வேலைக்குப் போய், மலைக்காய்ச்சல் பிடித்து வந்து படுத்தபின் அந்தச் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது. சின்னப் பிள்ளைகளுக்குக் கைவேலை டீச்சர் எதற்கு என்று பள்ளி மானேஜர் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். 1955 மழைக்காலம் முடிந்ததும் இன்ஸ்பெக்டர் வருவதாகத் தகவல் வந்தது. அவர் பார்த்துவிட்டு வேண்டும் என்று எழுதினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் அந்த மாதத்தோடு சரி.

அதற்காகத்தான் லீலாபாய் ஒரு பழைய கதவுப்பலகையில் எங்கள் பக்கத்துக் கடலோர வட்டக்கோட்டையைச் செய்யத் தொடங்கினாள். கோட்டைச் சுவருக்கு ஒவ்வொரு பிள்ளையும் ஒரு சிரட்டைத் துண்டு ஒட்டியது. கடல் மின்ன வேண்டும், கண்ணாடி இருந்தால் கொண்டுவாருங்கள் என்றாள். சில்லுகள் வந்தன. காவித்துணியில் சுற்றி ஒரு முழுக்கண்ணாடியும் வந்தது. வழக்கம்போல் துணி துணிப்பெட்டிக்கும் கண்ணாடி கண்ணாடிப்பெட்டிக்கும் போயின. மறுநாள் எல்லாவற்றையும் சாக்கில் கட்டி, அம்மிக்குழவியால் தட்டி உடைத்து, புளியங்கொட்டைப் பசை வைத்து ஒட்டினாள். வெயில் பட்டதும் கடல் அப்படியே நிஜக்கடலாகத் தெரிந்தது. எனக்கே பொறாமையாக இருந்தது.

இன்ஸ்பெக்டர் வருவதற்கு முந்தைய நாள் மத்தியானம், இரண்டாம் வகுப்பு அன்னக்கிளியைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் அப்பா பகவதியப்பன் வந்தார். பனையேறுகிறவர், அய்யாவழிக்காரர். அவர்கள் சிலை வைத்துக் கும்பிடுவதில்லை. கண்ணாடிக்கு முன் விளக்கேற்றி, தலைப்பாகை கட்டி நின்று கும்பிடுவார்கள். வீட்டில் அந்தக் கண்ணாடியை ரெண்டு நாளாகத் தேடியிருக்கிறார்கள். அன்றைக்குத்தான் பிள்ளை வாய் திறந்திருக்கிறாள்.

லீலாபாய் ஓடிப்போய்த் துணிப்பெட்டியிலிருந்து காவித்துணியை எடுத்தாள். கண்ணாடியோடு அது கிடந்திருந்தால் உடைக்கும்போதாவது அவளுக்குப் பொறி தட்டியிருக்கும். புதுக் கண்ணாடி வாங்கித் தருவதாகச் சொன்னாள்.

பகவதியப்பன் சத்தம் போடவில்லை. "புதுசு நான் வாங்கிக்கிடுவேன் டீச்சர். ஒடஞ்சதத் தாருங்க, கடல்ல விடணும். அத இங்க ஒட்டிப் போட்டுட்டு நான் எப்பிடி வீட்டுல வெளக்கு ஏத்துவேன்?" என்றார்.

எந்தச் சில்லு அவருடையது என்று யாருக்குத் தெரியும்? எல்லாம் ஒரே சாக்கில் உடைந்தவை. முழுக்கடலையும் பெயர்க்க வேண்டும். நான் அவளைத் தனியே இழுத்துப்போய், இன்ஸ்பெக்டர் போனபிறகு எடுத்தால் போராதா, வீட்டுல கெடக்க மனுஷனை நினைச்சியா என்று கேட்டேன்.

"அவங்க சாமிய ஒடச்சுக் காட்டி நான் வேல வாங்கணுமாட்டீ?" என்றாள்.

 பேனாக்கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து சில்லுச் சில்லாகப் பெயர்த்தாள். விரலெல்லாம் கீறல். பொழுது சாயும்போது பகவதியப்பன் எல்லாவற்றையும் அந்தக் காவித்துணியிலேயே முடிந்து வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் பலகையைப் பார்த்தார். கோட்டைக்குக் கீழே பசைத்தழும்பும் சொரசொரப்பும்தான் இருந்தன. இது என்ன என்று கேட்டார். வேலை முடியவில்லை என்று மட்டும் சொன்னாள் லீலாபாய். நடந்ததைச் சொன்னால் மானேஜர் அந்தப் பனையேறிக் குடும்பத்தின்மேல் பாய்வார் என்று அவளுக்குத் தெரியும். அதற்குப் பயந்துதான் நானும் உண்மையைச் சொல்லவில்லை. ஒரு வேலையை முடிக்கத் தெரியாதவருக்கு நிரந்தரம் எதற்கு என்று இன்ஸ்பெக்டர் சொல்ல, மானேஜர் தலையாட்டினார்.

மாதக் கடைசியில் லீலாபாய் பெட்டிகளைச் சுவரிலிருந்து இறக்கி ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அன்னக்கிளி வந்து ஒரு சின்ன வட்டக்கண்ணாடியை நீட்டினாள்.

"இது சாமிக்கு உள்ளது இல்ல டீச்சர். அப்பா சந்தையில வாங்கித் தந்தாரு. கடலுக்கு ஒடச்சிக்கிடலாமாம்."

லீலாபாய் வாங்கினாள். போடுவதற்குப் பெட்டி இல்லை. மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளைகள் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல் அழுதாள்.

"எப்பம் ஒடப்பிய டீச்சர்? நாளைக்கா?" என்று அன்னக்கிளி கேட்டுக்கொண்டே நின்றாள்.