மாடு படியிறங்கும் இடம்

ஓவா லீ ரேட்லிஃபை அமெரிக்காவின் கெண்டக்கி மலையில் எல்லாருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்துச் சமையற்கட்டில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போடுகிறவள். சனிக்கிழமையானால் 'உப்போடை' என்ற புளூகிராஸ் நாட்டுப்பாட்டுக் குழுவில் நாய்க்கூண்டு வாசிப்பாள். ஆளுயரப் பேஸ் பிடிலுக்கு அந்தப் பக்கம் அதுதான் செல்லப் பேர். ஓவா குள்ளம். வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாளானால் கூண்டு மட்டும்தான் தெரியும். அவளுக்கும் அதுவே சௌகரியம். கல்யாணமான நாளாக வாசித்தும், முன்னே வந்து தனியாக வாசித்தவள் இல்லை.

புது ஆல்பம்தான் அதைக் கெடுத்தது.

உப்போடைக்காரர்கள் பழைய வழக்கப்படி ஒரே மைக்கைச் சுற்றி நின்று வாசிக்கிறவர்கள். யார் முறையோ அவர் மைக்குக்கு வருவார், மற்றவர்கள் விலகுவார்கள். தறியில் நாடா ஓடுகிற மாதிரி இருக்கும். ஆல்பத்துக்காகத் தங்கள் மாட்டுக்கொட்டகையில் 'நரிப்பள்ளம்' பாட்டைப் பதிந்தபோது, பாஞ்சோ வாசிக்கும் அவள் புருஷன் டில்ஃபர்டும், மாண்டலின் வாசிக்கும் கொழுந்தன் டெல்மரும் ஒரே நேரத்தில் மைக்குக்குப் போனார்கள். தொப்பியோடு தொப்பி இடித்தது. நல்ல வளர்ப்பு அல்லவா, இரண்டு பேரும் 'நீ போ' என்று கைகாட்டிப் பின்வாங்கினார்கள். பிடில்காரர் ஓட்டிஸ் சிரிப்பை அடக்கமாட்டாமல் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். மைக் அநாதையாக நின்றது. ஓவா கூண்டை இழுத்துக்கொண்டு முன்னே வந்து, விரலுக்கு வந்ததை வாசித்தாள்.

போட்டுக் கேட்டதும் டெல்மர் சொன்னான்: "அண்ணி, மாடு படியிறங்குற மாதிரி இருக்கு. வெட்டிடலாம்."

"திருப்பி எடுத்தா நீ திருப்பி இடிப்பே. கெடக்கட்டும்டா," என்றான் டில்ஃபர்ட்.

கிடந்தது. உள்ளூர் வானொலியில் அந்தப் பாட்டு ஒலித்த பிறகு, ஜனங்களுக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. மளிகைக் கடையில், கோயில் வாசலில், எங்கே பார்த்தாலும், "ஓவா, வெளியீட்டன்னைக்கு மாடு இறங்கும்ல?" என்றுதான் கேட்டார்கள்.

ஆல்பம் வெளியீடு தீயணைப்பு நிலையத்தில். வண்டியை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே நாற்காலி போட்டிருந்தார்கள். உப்போடை ஆண்கள் மூன்று பேரும் அங்கே சம்பளமில்லாத தீயணைப்புக்காரர்களும்தான். ஓடைக்கு அந்தப் பக்கம் டெல்மர் வீட்டுக் கொல்லையில், விருந்துக்கான பன்றித் தொடை காலையிலிருந்து புகையில் வெந்துகொண்டிருந்தது.

ஓவா சோளரொட்டியைத் தொடாமல் தட்டைத் தள்ளிவைத்தாள்.

"ரெண்டு வாய் பீன்ஸாவது தின்னு," என்றான் டில்ஃபர்ட்.

"வெரலெல்லாம் பனிக்கட்டியா இருக்கு. கொட்டகையில கோழிங்கதான் இருந்துச்சு."

"இவங்களையும் கோழின்னு நெனச்சுக்க."

"கோழி என் கையையே பாத்துக்கிட்டு ஒக்காராது, டில்ஃபர்ட்."

கர்த்தரே, கைதட்டல் வேண்டாம், ஜனங்களுக்கு முன்னால் ஒரே ஒரு தடவை இந்த இடத்தைத் தடுமாறாமல் தாண்டிவிட்டால் போதும் என்று கண்ணை மூடி வேண்டிக்கொண்டாள்.

'நரிப்பள்ளம்' வந்தது. அவள் இடமும் வந்தது. ஆண்கள் மூவரும் வேண்டுமென்றே தொப்பியைக் கழற்றி, ராணிக்கு வழிவிடுகிற மாதிரி குனிந்து விலகினார்கள். கூடம் கொல்லென்று சிரித்தது. ஓவா முன்னே வந்தாள். நாலு சுரம் வாசித்திருப்பாள். தலைக்கு மேலே நிலையத்தின் அபாயச் சங்கு ஊதியது.

மூன்று பேர் இடுப்பிலும் தீயணைப்பு அழைப்புக் கருவிகள் ஒன்றாகக் கரகரத்தன. ஓடைக்கு அந்தப்பக்கம், கொல்லையில் தீ. டெல்மர் முகம் விழுந்துவிட்டது. "ஐயோ, என் பன்னி," என்று மாண்டலினை நாற்காலியில் போட்டுவிட்டு ஓடினான். மற்ற இருவரும் பின்னாலேயே ஓடினார்கள்.

"பாட்ட விட்டுடாதே ஓவா, வந்துடறோம்," என்று டில்ஃபர்ட் வண்டியில் தொற்றிக்கொண்டே கத்தினான்.

ஒளிந்துகொள்ள முன்னால் ஒரு முதுகுகூட இல்லை. நிறுத்தலாமா என்று ஓவா நினைப்பதற்குள், முன்வரிசையில் கிழவர் ஹோபர்ட் சைஸ்மோர் கைத்தடியைத் தூர வைத்துவிட்டு எழுந்தார். அந்த மலைப்பக்கத்துக் காலடி ஆட்டத்துக்குப் பாட்டு வேண்டாம், தாளம் இருந்தால் போதும். பாதம் தரையை விட்டு எழும்பாது, செருப்புத்தான் பேசும். டக், டக், டகடக்.

"மாட்ட மெதுவா எறக்கு தாயி. எனக்கு முட்டி வலி."

ஓவா மெதுவாக இறக்கினாள். போதகர் பெண்சாதி எழுந்தாள். அவளைப் பார்த்துப் போதகர் எழுந்தார். நாற்காலிகள் சுவரோரம் போயின.

"இப்ப மேல ஏத்து," என்றார் ஹோபர்ட்.

ஏற்றினாள். சிமெண்டுத் தரை முழுக்கச் செருப்புச் சத்தம். விரல் எப்போது சூடானது என்று அவளுக்கே தெரியாது. மாடு இறங்கியது, ஏறியது, நடுப்படியில் நின்று வாலைச் சுழற்றியது. ஓவா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே வாசித்தாள்.

வண்டி திரும்பிவந்தது. கர்த்தர் கிருபை, வீட்டுக்கு ஒன்றுமில்லை, அடுப்புக்குள் கொழுப்பு பற்றிக்கொண்டதுதான். முகமெல்லாம் கரியோடு மூவரும் வந்தார்கள். டில்ஃபர்ட் கையில் ஒரு தட்டு, அதில் நிலக்கரி மாதிரி ஒரு பன்றித் தொடை.

டெல்மர் மாண்டலினை எடுத்துக்கொண்டு, தாளம் தப்பாமல் மைக்குக்கு வந்தான். வழக்கப்படி ஓவா விலகவேண்டும். அவள் விலகவில்லை. அவன் தொப்பி கூண்டின் கழுத்தில் இடித்தது.

"இன்னும் ஒரு சுத்து இருக்கு தம்பி. தள்ளி நில்லு."

டெல்மர் தொப்பியைக் கழற்றினான். இந்தத் தடவை விளையாட்டுக்கு இல்லை. சுவரோரம் போய் நின்று காலால் தாளம் போட்டான்.

"அப்ப எனக்கு எப்ப அண்ணி இடம்?"

ஹோபர்ட் ஆட்டத்தை நிறுத்தாமலே சொன்னார்: "ஒனக்கு அங்க இருக்கு வேல. போயி பன்னியச் சொரண்டு."