பட்டியலில் இல்லாத கணக்கு மேடம்

அந்தக் கல்லூரியில் பதினோரு வருடமாக அவள் கணக்குப் பாடம் எடுத்தாள். பிள்ளைகள் முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவள் ‘கணக்கு மேடம்’. ஆனால் வேலை நிரந்தரமில்லை. ஒவ்வொரு செமஸ்டருக்கும் கூப்பிட்டால்தான் உண்டு. முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவள், மகள் பிறந்த வருடம் பாதியில் நிறுத்தினாள். அப்புறம் அதைத் தொடவே நேரம் வாய்க்கவில்லை.

துறையில் முந்நூற்று அறுபது பிள்ளைகள். இருபது பேருக்கு ஓர் ஆசிரியர் என்று விதி. காகிதத்தில் பதினெட்டு ஆசிரியர்களும் இருந்தார்கள். கண்ணுக்குத் தெரிந்தவர்கள் ஐந்து பேர். அதனால் இரண்டு வகுப்புகளை ஒன்றாக்கி நூற்றிருபது பேரை அவள் தலையில் கட்டியிருந்தார்கள். கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமே என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிடும். வீட்டுக்கு வந்தால் சைகைதான். “எனக்கு நிம்மதி” என்று கணவர் கிண்டலடிப்பார். அடித்துவிட்டு வெந்நீர் வைக்கப் போவார்.

கல்லூரிக்கு அனுமதி தரும் ஆய்வுக் குழு வருவதற்கு முந்தின நாள் முதல்வர் கூப்பிட்டனுப்பினார்.

“நாளைக்கு ஸ்டாஃப் ரூம் பக்கம் வராதீங்கம்மா. டாக்டர் பட்டம் வாங்கினவங்க பேரைத்தான் லிஸ்ட்ல குடுத்திருக்கோம்.”

“அப்ப லீவு எடுத்துக்கவா சார்?”

“லீவா? லைப்ரரியன் வேலையை விட்டு ரெண்டு மாசமாச்சு. அந்த சீட்ல உக்காருங்க. ஒரு நாள்தானே?”

மாட்டேன் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அடுத்த செமஸ்டருக்கு யாரைக் கூப்பிடுவதென்று முடிவு செய்பவரும் இவர்தான். “சரி சார்” என்றாள்.

மறுநாள் காலை, மறந்து வைத்த மூக்குக் கண்ணாடியை எடுக்க ஸ்டாஃப் ரூமுக்குள் எட்டிப் பார்த்தாள். அவள் நாற்காலியில், புதுச் சட்டை போட்ட, முன்பின் பார்த்திராத ஒருவர், அவளுடைய பாடக்குறிப்பை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்.

“மேடம், ரெண்டாம் வருஷத்துக்கு நான் எதுவரைக்கும் முடிச்சிருக்கேன்?” என்று கேட்டார்.

“நாலாவது பாடம் வரைக்கும் முடிச்சிட்டீங்க சார்.”

பகல் பதினொரு மணிக்கு ஆய்வுக் குழு நூலகத்துக்குள் நுழைந்தது. அதே நேரம் பார்த்து, ஒரு பெண் நோட்டோடு மேசைக்கு வந்து நின்றாள். கடைசி வரிசைக்காரி. வருடம் முழுக்க வாயைத் திறக்காதவள்.

“மேடம், இந்தக் கணக்கு ஆரம்பத்துல இருந்தே புரியல. கிளாஸ்ல கேக்க பயமா இருக்கு.”

குழுவில் இருந்த அம்மாள் திரும்பினார். “நீங்க லைப்ரரியன்தானே?”

குழுவோடு வந்திருந்த முதல்வர் அவளையே பார்த்தார்.

“ஆமாங்க” என்றாள். பிறகு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்காமல், “எனக்குக் கணக்கு தெரியாதும்மா. உங்க சாரைக் கேளு” என்றாள்.

அந்தப் பெண் ஒரு கணம் விழித்தாள். பிறகு எல்லாம் புரிந்துவிட்டது போலத் தலையாட்டிவிட்டு, நோட்டை மூடிக்கொண்டு போனாள்.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் கணக்கு மேடம் கூட்டத்தில் முட்டி மோதி அவளைப் பிடித்தாள். “நேத்து வேற வழியில்லம்மா. நோட்டைக் குடு, இப்பவே சொல்லித் தரேன்.”

“பரவால்ல மேடம். ஃப்ரெண்டு சொல்லிக் குடுத்துட்டா.”

பொய் என்று இருவருக்கும் தெரியும். மணி அடித்தது. அடுத்த வகுப்புக்கு இன்னொரு நூறு பேர் உள்ளே நுழைந்தார்கள். பரீட்சையில் அந்தப் பாடத்தில் முப்பத்தொரு பேர் தவறினார்கள். அந்தப் பெண்ணும் ஒருத்தி. திரும்ப எழுதவும் அவள் வரவில்லை. படிப்பை நிறுத்திவிட்டதாக ஆபீஸில் சொன்னார்கள்.

ஆசிரியர்கள் போதுமான அளவு இருப்பதாக எழுதிவிட்டு, இன்னும் அறுபது பிள்ளைகளைச் சேர்க்க அனுமதி கொடுத்திருந்தது குழு. விடுமுறையில் இரண்டு அறைகளுக்கு நடுச்சுவரை இடித்து ஒரே வகுப்பறையாக்கினார்கள். கணக்கு மேடத்தை மறுபடியும் கூப்பிட்டார்கள். முதல் நாள் ஆபீஸ் அண்ணன் ஒரு மைக்கை அவள் கையில் கொடுத்து, “இனிமே தொண்டை வலிக்காது மேடம்” என்றார். உண்மையிலேயே அவளுக்கு நல்லது செய்துவிட்ட சந்தோஷம் அவர் முகத்தில். அவள் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள்.