ஏழாவது டப்பா

டப்பாக்களின் மேல் பெயர் எழுதி ஒட்டிய அன்று, மதினிக்கு வாசிக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியுமா, தெரியாதா? நான்கு வருஷமாக இதை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். தெரியாது என்று சொல்லிக்கொண்டால் பொய் சொல்வது போல இருக்கிறது. தெரியும் என்று ஒப்புக்கொள்ளவோ துணிவு வரவில்லை.

மதினி என் கணவரின் அக்கா. திருச்செந்தூர்ப் பக்கம் ஒரு பனங்காட்டு ஊர். சிறு வயதிலேயே கணவரை இழந்து, தாயில்லாத தம்பியை வளர்த்துப் படிக்கவைத்தவர். தம்பிக்குத் தூத்துக்குடியில், துறைமுகச் சரக்குகளைக் கவனிக்கும் அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா வேலை கிடைத்ததும் அவரும் கூடவே வந்துவிட்டார். நான் கல்யாணமாகி அந்த இரண்டு அறை வீட்டுக்குள் நுழைந்தபோது சமையலறை அவருடையதாக இருந்தது. உப்பு ஒரு மண்சட்டியில். சீனி, கழுத்து உடைந்த கண்ணாடிப் போத்தலில். காபித்தூள் நசுங்கிய பிஸ்கட் டின்னில். பருப்பும் பயறும் சிறிதும் பெரிதுமான ஓலைப்பெட்டிகளில். சலவைச் சோடா மட்டும் வீட்டுக்குள்ளேயே வராது. புறவாசலில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் கிடக்கும். ஒன்று போல ஒன்று இல்லை. மதினி திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டி, வேண்டியதை எடுப்பார்.

எனக்கு அது அலங்கோலமாகத் தெரிந்தது. என்னோடு பள்ளியில் படித்தவள் ஒருத்தி துறைமுகக் குடியிருப்பில் இருந்தாள். அவள் வீட்டு அலமாரியில் எல்லா டப்பாவும் ஒரே அளவு, ஒரே நிறம். அவள் ஒருநாள் என் வீட்டுக்கு வந்து, ஓலைப்பெட்டிகளைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள். கேலியாகச் சிரித்தாளா, சும்மா சிரித்தாளா என்று இன்றும் எனக்குத் தெரியாது. மறுநாளே கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன்.

பாத்திரக்கடை அண்ணாச்சி முதலில் தகர டப்பாக்களை எடுத்துப் போட்டார். பிறகு அவரே தள்ளி வைத்தார். "இது வேண்டாம் தாயி. நம்மூர் உப்புக்காத்துக்கு ஆறு மாசத்துல ஓட்டை விழுந்துரும். கண்ணாடிப் போத்தல் எடுங்க. உள்ள என்ன இருக்குன்னு பளிச்சுன்னு தெரியும்லா?"

பிள்ளை தவழ்கிற வீடு, உடைந்தால் என்ன செய்வது என்றேன். அது பாதி உண்மைதான். உள்ளே இருப்பது தெரிந்தால் அலமாரி பல நிறமாக இருக்கும், அழகாக இராது என்பது மீதி. அப்போதுதான் கடைகளுக்கு வரத் தொடங்கியிருந்த பிளாஸ்டிக் டப்பாக்களில், பால்வெள்ளை நிறத்தில், சிவப்பு மூடியோடு பன்னிரண்டு வாங்கினேன்.

"பன்னெண்டும் ஒண்ணுபோல எடுக்கீயளே, எப்படி அடையாளம் கண்டுபிடிப்பீய?" என்றார் அண்ணாச்சி.

"எழுதி ஒட்டிருவேன் அண்ணாச்சி."

"அதுசரி, படிச்ச பிள்ளை," என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அன்று மதியமே எல்லாவற்றையும் மாற்றிக் கொட்டினேன். கோடு போட்ட தாளை வெட்டி, நிறுத்தி எழுதி, பசை தடவி ஒட்டினேன். அதோடு விட்டிருக்கலாம். நான் அகர வரிசையில் அடுக்கினேன். அரிசிமாவு, உப்பு, உளுந்து, கடலைப்பருப்பு, காபித்தூள், சலவைச் சோடா, சீனி, துவரம்பருப்பு, தேயிலை, பாசிப்பயறு, ரவை. பதினொன்று. பன்னிரண்டாவது டப்பா காலியாகக் கடைசியில் நின்றது. துணிக்குப் போடுகிற சோடாவை உள்ளே கொண்டுவந்து பிள்ளைக்குக் கலக்குகிற சீனிக்கு முன்னால் வைத்தேன். வரிசை பிசகாமல் இருந்ததால் அது எனக்கு உறுத்தவே இல்லை.

மதினி வந்து பார்த்தார். ஓலைப்பெட்டிகள் எங்கே என்று கேட்கவில்லை. தாள்களை விரலால் தடவி, "முத்து முத்தா எழுதியிருக்கியே," என்றார். வாசிக்கத் தெரியாதவர் அப்படிச் சொல்வாரா? ஆனால் என் கணவர் வேலை விஷயமாகச் சென்னை போயிருந்தபோது வந்த கடிதத்தை அவர் பிரித்து, சிறிது நேரம் பார்த்துவிட்டு, "நீயே வாசிளா. உன் வாயால கேட்டாத்தான் நல்லாருக்கு," என்று என்னிடம் நீட்டியது நினைவிருக்கிறது. ரேஷன் கடையில் என்னையே கையெழுத்துப் போடச் சொன்னதும் நினைவிருக்கிறது. அதையெல்லாம் பிரியம் என்று எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்ததோ என்னவோ.

முதல் இரண்டு நாள் மதினி ஒவ்வொரு மூடியாகத் திறந்து முகர்ந்து பார்த்தார். விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். நான் பொறுக்கவில்லை. "கை விடாதீங்க மதினி. பிள்ளைக்குக் கலக்குற சாமான். கிருமி போகும். அதான் பேர் எழுதியிருக்கே," என்றேன். அவர் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "சரிளா," என்றார். அதற்குப் பிறகு முகரவும் இல்லை, தொடவும் இல்லை. அலமாரி முன் நின்று ஒரு கணம் உதடு அசைப்பார். பிறகு சரியான டப்பாவை எடுப்பார். முருகனைக் கும்பிட்டுக்கொள்கிறார் என்று நினைத்தேன். அவர் எண்ணிக்கொண்டிருந்தார்.

ஒரு மாதம் கழித்து வீட்டுக்கு அவல் வந்தது. காலி டப்பாவில் நிரப்பி, பெயர் ஒட்டி, அரிசிமாவுக்கு அடுத்ததாக, அதன் இடத்தில் வைத்தேன். மற்றவை எல்லாம் ஒரு இடம் தள்ளிக்கொண்டன. யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

மறுநாள் காலை குடத்தோடு தெருக்குழாய்க்குப் போயிருந்தேன். திரும்பி வாசலில் கால் வைத்தபோது பிள்ளை அலறுகிற சத்தம். மதினி அவளை மடியில் போட்டு வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். பத்து மாதக் குழந்தை. உதடு சிவந்து வீங்கியிருந்தது. பாதித் தம்ளர் பால் தரையில் கொட்டிக் கிடந்தது. ரிக்ஷாவில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் மதினி, "துப்பிட்டா, துப்பிட்டாளா," என்று சொல்லிக்கொண்டே வந்தார். துப்பியதுதான் காப்பாற்றியது. உள்ளே போனது கொஞ்சம்தான் என்றார் டாக்டர். வாய்ப்புண் ஆற ஒரு வாரம் ஆயிற்று.

அங்கே நர்ஸம்மா கேட்டார்: "சீனி பக்கத்துல சோடாவ வைக்கது யார் புத்திம்மா?" எங்கள் இருவரையும் பார்த்துத்தான் கேட்டார். மதினி தலையைக் குனிந்துகொண்டார். நானும் குனிந்துகொண்டேன். பார்க்கிறவர்களுக்கு யார் தலை என்ன சொல்லியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

சாயங்காலம் வீட்டில் என் கணவர் கத்தினார். அக்காவிடம் அவர் குரல் உயர்த்தி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். பக்கத்து வீட்டுப் பெண்கள் வாசலில் நின்றிருந்தார்கள்.

"உனக்குத்தான் எழுத்து வாசிக்கத் தெரியாதுல்லா? ஒரு வார்த்த கேட்டா என்ன? வாயில என்ன முத்தா உதிர்ந்துரும்?"

மதினி முதலில் தம்பியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். இத்தனை நாள் மறைத்து வைத்திருந்ததை என் முன்னால் போட்டு உடைத்துவிட்டானே என்கிற பார்வை. பிறகு மெல்லச் சொன்னார்: "எண்ணித்தான எடுத்தேன் தம்பி. ஏழாவதுதான எடுத்தேன்."

என் கணவருக்கு அது விளங்கவில்லை. ஏதோ உளறுகிறாள் என்று வெளியே போய்விட்டார். எனக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. அவல் வந்து, சீனி இருந்த ஏழாவது இடத்துக்குச் சோடா தள்ளியிருந்தது. நான் வாயைத் திறந்து, 'நேற்று நான்தான் தள்ளி வைத்தேன்' என்று நான்கு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பிள்ளைக்குப் பாலூட்டுவது போல முகத்தைக் கவிழ்த்துக்கொண்டேன்.

பிள்ளையின் வாய் ஆறிய பிறகுதான் மதினி ஊருக்குக் கிளம்பினார். அதுவரை இரவும் பகலும் அவளைத் தோளில் போட்டுக்கொண்டே திரிந்தார்; சமையலறைப் பக்கம் மட்டும் வரவில்லை. போகும்போது, "வாரேன்ளா. சோடாவ வெளிய வச்சுக்கோ," என்றார். அவ்வளவுதான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

இப்போது நான் மறுபடி உண்டாகியிருக்கிறேன். என் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. பிரசவத்துக்கு வர முடியாது. என் கணவர் என்னிடம் சொல்லாமலே அக்காவுக்குக் கடிதம் போட்டிருக்கிறார். ஊரில் யாரையோ வாசிக்கச் சொல்லிக் கேட்டு, யாரையோ எழுதச் சொல்லிப் பதில் அனுப்பியிருக்கிறார் மதினி: வருகிற மாதம் முதல் வாரத்தில் வருகிறேன், அவளை வெயிட்டான குடம் தூக்க விடாதே.

கடிதத்தை வாசித்ததிலிருந்து அலமாரி முன்னால் போய் நிற்பதே வேலையாக இருக்கிறது. கண்ணாடிப் போத்தல்களாக மாற்றிவிடலாம் என்று தோன்றுகிறது. ஆனால் நுழைந்ததும் அவருக்குத் தெரிந்துவிடும், தனக்காக, தான் படிக்காதவள் என்பதற்காக நான் மாற்றியிருக்கிறேன் என்று. மாற்றாமல் விட்டால் மறுபடி எண்ணத் தொடங்குவார். இரண்டும் அவரைக் குத்தும். சென்ற வாரம் தாள்களை மட்டும் கிழிக்கலாம் என்று ஒன்றைக் கிழித்தேன். பிறகு பயந்துபோய் மறுபடி எழுதி ஒட்டினேன். இந்த முறை எழுத்து கோணிவிட்டது.

இதை வாசிக்கிற சகோதரிகளிடம் கேட்கிறேன். போத்தலா டப்பாவா என்பதை எப்படியாவது நான் தீர்மானித்துக்கொள்வேன். டப்பாவைத் தள்ளி வைத்தது நான்தான் என்று என் கணவரிடம் சொல்லிவிட்டு மதினியிடம் சொல்வதா, மதினியிடம் முதலில் சொல்வதா? ஏழாவது டப்பா என்று அவர் சொன்னபோது எனக்குப் புரிந்தது என்பது அவருக்கும் தெரிந்திருந்தால், நான்கு வருஷம் அதை மனசில் வைத்துக்கொண்டு என் பிரசவத்துக்கு வருகிற ஒருவரிடம் முதல் வார்த்தையை எப்படி எடுப்பது? உங்களில் யாராவது இப்படி ஒருவர் முன்னால் நின்றிருந்தால், என்ன சொன்னீர்கள் என்று எழுதுங்கள். அவர் வர இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.